சோவியத் போர்க்காலப் பதக்கங்களைச் சேகரிப்பதும் அவற்றைப் பெற்றவர்களைத் தேடிக் கண்டறிவதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெற்றவரின் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பதக்கம் யாருடையது என்பதை அதுவே சொல்லிவிடும். சோவியத் ஒன்றியம் தன் வீரர்களுக்கு வழங்கிய விருதுகளில் பெயர் இருப்பதில்லை. பலவற்றில் ஒரு வரிசை எண் மட்டுமே இருக்கும். அந்த எண் எந்தப் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது என்பதைக் காட்டும் ஆவணம் கிடைத்தால், 1943ஆம் ஆண்டு ஏதோ ஓர் ஆற்றங்கரையில் ஒரு பீரங்கிப் படைவீரர் என்ன செய்தார் என்பதை அவருடைய தளபதியே எழுதிவைத்த சொற்களில் நாம் படிக்க முடியும். கிடைக்காவிட்டால் கையில் இருப்பது வெள்ளியும் எனாமலும் மட்டுமே.

ஆகவே, எண்ணும் ஆவணமும் தெளிவாக உள்ள எளிய பதக்கம் ஒன்று, யாருடையது என்று தெரியாத உயர் விருதைவிடப் புதியவருக்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இக்கருத்தை ஒட்டியே அமைந்தவை. 1941 ஜூன் 22 முதல் 1945 மே 9 வரை ஜெர்மனியுடன் நடந்த போரில் வழங்கப்பட்ட விருதுகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

எண் உள்ளவையும் எண் இல்லாதவையும்

சோவியத் விருதுகளை ஆர்டர்கள், பதக்கங்கள் என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஆர்டர்கள் உயர்ந்தவை, போர்க்களத்தில் பரவலாக வழங்கப்பட்ட ஆர்டர்கள் அனைத்திலும் வரிசை எண் உண்டு. பதக்கங்களில், 1938 அக்டோபர் 17 அன்று ஒன்றாக நிறுவப்பட்ட 'வீரத்திற்காக', 'போர்ச் சேவைக்காக' ஆகிய இரண்டிலும் போர்க்காலத்தில் எண் இட்டார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் அந்த வழக்கம் நின்றது. எனவே இவ்விரண்டில் எண் இல்லாத ஒன்றைக் கண்டால், அது பெரும்பாலும் போருக்குப் பிந்தைய வழங்கல் என்று கொள்ளலாம்.

நகரங்களையும் போர்முனைகளையும் குறிக்கும் பதக்கங்களில் எண்ணே கிடையாது. லெனின்கிராட், ஒடெசா, செவஸ்தபோல், ஸ்டாலின்கிராட் ஆகிய நகரங்களின் பாதுகாப்புக்கான பதக்கங்கள் 1942 டிசம்பர் 22 அன்றும், மாஸ்கோ, காகஸஸ் ஆகியவற்றுக்கானவை 1944 மே 1 அன்றும், பெர்லின், புடாபெஸ்ட், வியன்னா, கோனிக்ஸ்பெர்க் ஆகியவற்றைக் கைப்பற்றியதற்கானவை 1945 ஜூன் 9 அன்றும் நிறுவப்பட்டன. 'ஜெர்மனி மீதான வெற்றிக்காக' என்னும் பதக்கம் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. இவை விலை குறைந்தவை, எளிதில் கிடைப்பவை, வரலாற்று நோக்கில் மதிப்புள்ளவையும்கூட. ஆனால், உடன் வந்த சிறு சான்றிதழ் இல்லாமல் இவற்றைப் பெற்றவரைக் கண்டறிய எந்த வழியும் இல்லை. சான்றிதழ் இருந்தால் அதில் பெயர், தந்தைவழிப் பெயர், அதிகாரியின் கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்கும்; தேடல் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

முதலில் எதை வாங்கலாம்

மூன்றை மட்டும் பரிந்துரைக்கிறேன். முதலாவது 'வீரத்திற்காக' பதக்கம். வெள்ளியால் ஆனது, 37 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, மேலே மூன்று விமானங்களும் கீழே ஒரு டாங்கியும் இருக்கும், எழுத்துகள் சிவப்பு எனாமலில் இருக்கும். சாதாரணப் படைவீரர்கள் மிகவும் மதித்த பதக்கம் இது. அதனோடு பிறந்த 'போர்ச் சேவைக்காக' 32 மில்லிமீட்டர்தான். துணிச்சலான செயலுக்கும் வழங்கப்பட்டது, பின்னணிப் பணிகளுக்கும் வழங்கப்பட்டது. ஆகவே அதன் பின்னே உள்ள கதை எப்படியும் இருக்கலாம்.

இரண்டாவது செந்நட்சத்திர ஆர்டர். 1930 ஏப்ரல் 6 அன்று நிறுவப்பட்டது. முதன்முதலில் அதைப் பெற்றவர் தளபதி வசீலி புளூஹர். போர் ஆண்டுகளில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டதால் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஈரான் வழியாகச் சோவியத் ஒன்றியத்துக்குப் போர்த் தளவாடங்களைக் கொண்டுசேர்த்த பணிக்காக இந்திய இராணுவச் சேவைப் பிரிவைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கமும் ஹவில்தார் கஜேந்திர சிங் சந்தும் பெற்றது இந்த ஆர்டரைத்தான்.

மூன்றாவது, மூன்றாம் வகுப்புப் புகழ் ஆர்டர். 1943 நவம்பர் 8 அன்று நிறுவப்பட்ட இது படைவீரர்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் உரியது. விமானப்படையில் மட்டும் இளநிலை லெப்டினன்ட் வரை செல்லும். எனவே இதைப் பெற்றவர் போர்முனையில் நின்றவர் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். மூன்றாம் வகுப்பு சுமார் 10 லட்சம் பேருக்குக் கிடைத்தது. மூன்று வகுப்புகளையும் பெற்றவர்கள் 2,700 பேருக்கும் குறைவு. முழுத் தொகுதியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெனின் ஆர்டர், செங்கொடி ஆர்டர், சுவோரவ், குத்துஸவ் போன்ற தளபதிகளுக்கான ஆர்டர்கள், சோவியத் ஒன்றிய நாயகர் பட்டத்துடன் வழங்கப்பட்ட தங்க நட்சத்திரம் ஆகியவற்றின் பக்கம் முதல் சில ஆண்டுகளுக்குச் செல்லவே வேண்டாம். பொன், பிளாட்டினம், அரிய எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேருமிடத்தில் போலிகளும் சேருகின்றன.

புதியவர்களை அதிகம் குழப்பும் இரண்டு செய்திகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தேசபக்தப் போர் ஆர்டர் 1942 மே 20 அன்று இரண்டு வகுப்புகளாக நிறுவப்பட்டது; போர்க்காலத்தில் அதைப் பெறுவது பெருஞ்சிறப்பு. ஆனால் வெற்றியின் 40ஆம் ஆண்டை ஒட்டி, 1985இல் உயிரோடிருந்த முன்னாள் போர்வீரர்களுக்கெல்லாம் அதே ஆர்டரின் புதிய வார்ப்பைப் பல லட்சக் கணக்கில் வழங்கினார்கள். அதிலும் எண் உண்டு, எனாமல் உண்டு, நட்சத்திரமும் அப்படியே உண்டு. போர்க்கால முதல் வகுப்பில் கதிர்கள் பொன்னால் ஆனவை. 1985 வடிவத்திலோ அவை பொன்முலாம் பூசிய வெள்ளி. விற்பவர் 'போர்க்காலத்தது' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி 1985 வடிவத்துக்குப் போர்க்கால விலை கொடுத்தவர்கள் ஏராளம். அந்த முதியவர்களும் போரில் நின்றவர்களே. அவர்களுக்குக் கிடைத்ததை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட செயலுக்காகக் கிடைத்தது அன்று என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

மற்றொன்று, நீண்ட காலப் பணிக்கான வழங்கல். 1944 ஜூன் 4 ஆணையின்படி 10 ஆண்டுப் பணிக்குப் 'போர்ச் சேவைக்காக' பதக்கமும், 15 ஆண்டுகளுக்குச் செந்நட்சத்திரமும், 20 ஆண்டுகளுக்குச் செங்கொடியும், 25 ஆண்டுகளுக்கு லெனின் ஆர்டரும் வழங்கப்பட்டன. இம்முறை 1957இல்தான் நீக்கப்பட்டது. எனவே ஓர் அதிகாரியின் செந்நட்சத்திரம் போர்ச்செயலுக்காகவும் இருக்கலாம், பணிமூப்புக்காகவும் இருக்கலாம். எந்த ஆணையின் கீழ் வழங்கப்பட்டது என்பதைப் பார்த்தால் ஒழிய அது தெரியாது.

பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் 10 மடங்கு உருப்பெருக்கி, ஒரு வெர்னியர் காலிப்பர், பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஆகிய மூன்றும் போதும். செந்நட்சத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் முன்புறம். ஐந்து முனைகளிலும் உள்ள சிவப்பு எனாமல், மாதுளை முத்து போல ஒளியை உள்ளே வாங்கி நிற்கும் கண்ணாடிப் பூச்சு. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அதன் அடியில் உள்ள உலோகத்தின் சாயல் தெரியும். முனைகளில் சில்லு பெயர்ந்திருப்பது இயல்பு; ஆண்டுக்கணக்கில் சட்டையில் அணிந்து நடந்த பொருளில் அது இல்லாமல் இருப்பதுதான் அரிது. பெயர்ந்த இடத்தைச் சிவப்பு வண்ணமோ பிசினோ கொண்டு நிரப்பியிருந்தால், அந்த இடம் மட்டும் மந்தமாகவும் உருப்பெருக்கியில் நுண்குமிழிகளோடும் காணப்படும். நடுவட்டத்தில் நீண்ட மேலங்கி அணிந்து துப்பாக்கி ஏந்திய செஞ்சேனை வீரர் நிற்பார். அவரைச் சுற்றி உலகத் தொழிலாளர்களை ஒன்றுபட அழைக்கும் வாசகம் ஓடும். அந்த எழுத்துகளின் ஓரங்கள் கூர்மையாக நிற்கின்றனவா, மழுங்கி வழிந்தது போல இருக்கின்றனவா என்று பாருங்கள். அசல் அச்சுக்கட்டையில் அடித்து எடுக்கப்பட்டது. பெரும்பாலான போலிகள் அசலிலிருந்து எடுத்த அச்சில் உருக்கி ஊற்றப்பட்டவை. ஊற்றிய உலோகத்தில் ஊசிமுனை அளவு துளைகளும், விளிம்பில் அராவிய தடமும் தென்படும். உலோகம் குளிரும்போது சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். காலிப்பர் உதவுவது இங்கேதான்.

அடுத்துப் பின்புறம். நடுவில் சட்டையைத் துளைத்து உள்ளே செல்லும் திருகுத் தண்டும், அதைப் பிடிக்கும் வட்டத் திருகாணியும் இருக்கும். பிற்காலத்தில் யாரேனும் தண்டை வெட்டி ஊசி பொருத்தியிருந்தாலோ, தண்டைச் சுற்றிப் புதிய பற்றவைப்புத் தடம் இருந்தாலோ விலை பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். நாணயச்சாலையின் பெயர் எழுத்துகளும் அதனுடன் வரிசை எண்ணும் இருக்கும். போர்க்காலச் செந்நட்சத்திரங்களில் எண்ணைக் கைவினைஞர் சிற்றுளியால் செதுக்கினார். ஒவ்வோர் இலக்கத்திலும் உளி நுழைந்த இடம் மெலிந்தும் நடுப்பகுதி தடித்தும் காணப்படும். இலக்கங்கள் ஒரே நேர்கோட்டில் முற்றிலும் சீராக நிற்பதில்லை. எண்ணைச் சுற்றி மட்டும் உலோகம் பள்ளமாகவோ புதிதாகத் தேய்த்தது போலவோ இருந்தால், பழைய எண்ணை அழித்து வேறு எண் செதுக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். பெயர்பெற்ற ஒரு வீரரின் ஆவணம் தனியாகக் கிடைத்துவிட்டால், அதற்குப் பொருந்தும்படி வேறோர் ஆர்டரின் எண்ணை மாற்றி, இரண்டையும் சேர்த்து விற்கும் மோசடி இத்துறையில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ரஷ்ய 'Д' எழுத்து இருந்தால், அது தொலைந்த விருதுக்கு ஈடாக அரசே வழங்கிய மாற்றுப் பிரதி. அதில் ஐயம் கொள்ள ஒன்றுமில்லை.

பதக்கங்களைத் தாங்கும் பட்டையும் காலத்தைச் சொல்லும். 1943 ஜூன் 19 ஆணைக்கு முன்பு 'வீரத்திற்காக' பதக்கம் சிவப்பு நாடா சுற்றிய சிறு செவ்வகப் பட்டையில் தொங்கியது. அதன் பிறகு ஐங்கோணப் பட்டையும், நீல ஓரம் கொண்ட சாம்பல் நிற ரிப்பனும் வந்தன. செங்கொடி, லெனின் ஆகிய ஆர்டர்களும் அந்த ஆணைக்குப் பிறகே திருகிலிருந்து ரிப்பனுக்கு மாறின. செந்நட்சத்திரம் திருகிலேயே தொடர்ந்தது. தேசபக்தப் போர் ஆர்டரோ, ரிப்பன் பட்டையில் தொங்கியதை விட்டு அந்த ஆணைக்குப் பிறகு திருகுக்கு மாறியது. ரிப்பன் புதிதாக இருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். அணிந்தவர்களே கிழிந்ததை மாற்றிக்கொண்டார்கள்.

இணையத்தில் வாங்கும்போது இரு புறமும், விளிம்பும், எண்ணின் நெருக்கப் படமும், திருகாணி கழற்றிய நிலையில் தண்டும் தெரியும் படங்களைக் கேட்டுப் பெறுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பெட்டியில் இருக்கும் காகிதங்கள்

பதக்கத்தோடு வரும் காகிதத்தின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. இவற்றில் முதன்மையானது ஆர்டர் கையேடு. பெற்றவரின் முழுப் பெயர், கையொப்பம், சில வேளை ஒளிப்படம், ஒவ்வொரு விருதின் பெயர், எண் ஆகிய அனைத்தும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். போர்முனையில் கையேடு அச்சிட்டுக் கொடுக்க நேரமில்லாதபோது தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார்கள். மங்கிய மையில், மெல்லிய தாளில் இருக்கும் அந்தச் சிறு துண்டு, படைப்பிரிவின் முத்திரையைத் தாங்கியிருப்பதால் சில சமயம் கையேட்டைவிட அதிகம் சொல்லும். விருது பெற்றவர்களுக்கு மாதப்படியும் இருந்தது: 'வீரத்திற்காக' பதக்கத்துக்கு 10 ரூபிள், செந்நட்சத்திரத்துக்கு 15 ரூபிள். அதற்கான கிழிசீட்டுகள் அடங்கிய புத்தகங்களும் இன்று கிடைக்கின்றன. 1948 ஜனவரி 1 முதல் இந்தப் படி நிறுத்தப்பட்டதால், எஞ்சிய சீட்டுகள் கிழிக்கப்படாமலே நிற்கும்.

கையேட்டில் உள்ள எண்களையும் பொருள்களில் உள்ள எண்களையும் ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். ஒரே மனிதருக்கு உரிய விருதுகளின் தொகுதியில் ஓர் எண் பொருந்தாவிட்டாலும், ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

பெயரிலிருந்து தேடுதல்

பெயர் தெரிந்தால் தேடல் பெரும்பாலும் இலவசம். ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மைய ஆவணக் காப்பகம் மாஸ்கோவுக்குத் தெற்கே பொடோல்ஸ்க் நகரில் உள்ளது. அங்குள்ள போர்க்கால விருது ஆவணங்களின் படிகள் 2010 முதல் 'பாட்விக் நரோடா' என்னும் தளத்திலும், 2015 முதல் 'பாம்யத் நரோடா' என்னும் விரிவான தளத்திலும் வெளியிடப்பட்டுள்ளன. போரில் இறந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் பற்றிய ஆவணங்களுக்கு 2007இல் தொடங்கிய 'மெமோரியல்' தளம் உண்டு.

ரஷ்ய மொழி தெரிய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மொழி தெரியாமலும் தொடங்கலாம்; எழுத்து தெரியாமல் தொடங்க முடியாது. 33 எழுத்துகளையும் அவற்றின் கையெழுத்து வடிவங்களையும் பழகிக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்த பக்கங்களைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி ஓரளவு படித்துவிடும். பென்சிலில் எழுதிய கையெழுத்தை அதனிடம் ஒப்படைத்தால் ஊர்ப் பெயர் ஆட்பெயராகவும் ஆட்பெயர் வேறொன்றாகவும் வந்து நிற்கும்.

தேடும்போது குடும்பப் பெயர், பெயர், தந்தைவழிப் பெயர், பிறந்த ஆண்டு ஆகிய நான்கையும் கொடுங்கள். இவான் இவானவிச் இவானவ் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். பிறந்த ஆண்டும், படைக்கு அழைத்த மாவட்ட இராணுவ அலுவலகத்தின் பெயரும் சேர்ந்தால் வட்டம் சுருங்கும். உஸ்பெக், கசாக், ஜார்ஜிய வீரர்களின் பெயர்களை ரஷ்ய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே மனிதர் இரண்டு ஆணைகளில் இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் காணப்படுவது சாதாரணம். எதுவும் கிடைக்காதபோது ஓர் எழுத்தை மாற்றியும், தந்தைவழிப் பெயரை நீக்கியும் மறுபடி தேடுங்கள். கிடைத்த பக்கத்தை உடனே சேமித்து, அதில் உள்ள தொகுப்பு எண், பட்டியல் எண், கோப்பு எண், தாள் எண் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். விருது ஆவணங்கள் பெரும்பாலும் 33ஆம் தொகுப்பைச் சேர்ந்தவை.

கையில் எண் மட்டுமே இருந்தால் நிலை வேறு. எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் தேடலை மேற்சொன்ன தளங்களில் செய்ய முடியாது. பொடோல்ஸ்க் காப்பகத்தில் விருது பெற்றவர் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட பதிவு அட்டைகள் உள்ளன. அவற்றில் பெயர், பிறந்த ஊர், கல்வி, பணியாற்றிய பிரிவு, வீட்டு முகவரி, எல்லா விருதுகளின் எண்கள், வழங்கிய ஆணையின் தேதி ஆகியவை இருக்கும். அந்த அட்டையைப் பெற, ரஷ்யாவிலேயே இருந்து காப்பகப் பணியில் பழகிய ஆய்வாளரின் துணையும், கட்டணமும், பொறுமையும் தேவை. பல அட்டைகள் போர் முடிந்த பின், விருதுகளைச் சரிபார்த்தபோது எழுதப்பட்டவை என்பதால், அதற்குள் உயிர்நீத்தவருக்கு அட்டை இல்லாமலே போகலாம். இக்காரணத்தாலேயே முதல் கொள்முதலை ஆவணத்தோடு கூடியதாகவோ, முன்பே ஆராயப்பட்டதாகவோ தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். விற்பவர் தரும் அட்டைப் படியில் உள்ள பெயரைக் கொண்டு மீதியை நீங்களே சரிபார்க்கலாம்.

விருதுத் தாளை வாசித்தல்

இந்தத் துறையில் உழைப்புக்கு முழுப் பயன் கிடைப்பது இங்கேதான். 1942 நவம்பர் 10 ஆணைக்குப் பிறகு, ரெஜிமென்ட் தளபதியே 'வீரத்திற்காக', 'போர்ச் சேவைக்காக' பதக்கங்களை வழங்கும் அதிகாரம் பெற்றார். எனவே இவற்றுக்கு வழக்கமாகத் தனி விருதுத் தாள், அதாவது தளபதி எழுதும் பரிந்துரைப் படிவம், இருப்பதில்லை. உச்ச சோவியத் தலைமைக்குழுவின் பெயரால் வழங்குகிறேன் என்று தொடங்கும் ரெஜிமென்ட் ஆணையில், எண்ணிட்ட வரிசையில், ஒவ்வொருவரின் பதவியும் பெயரும் வரும். அவற்றைத் தொடர்ந்து 'எதற்காக என்றால்' என்று தொடங்கும் மூன்று நான்கு வரிகள் வரும். இன்ன நாளில், இன்ன கிராமத்துக்கான சண்டையில், குண்டு மழைக்கு நடுவே அறுந்த தொலைபேசிக் கம்பியை இத்தனை முறை இணைத்தார் என்ற அளவில் அது முடிந்துவிடும். அந்த வரிகளின் கீழே, பிறந்த ஆண்டும் அழைத்த அலுவலகமும் இருக்கும்.

ஆர்டர்களுக்குத் தனி விருதுத் தாள் உண்டு. முன்பக்கத்தில் பெயர், பதவி, பிரிவு, பரிந்துரைக்கப்பட்ட விருது ஆகியவற்றுக்குப் பின் பிறந்த ஆண்டு, தேசிய இனம், கட்சி உறுப்பினரா என்பது, பங்கேற்ற சண்டைகள், காயங்கள், செஞ்சேனையில் சேர்ந்த நாள், அழைத்த அலுவலகம், முன்பு பெற்ற விருதுகள் ஆகியவை எண்ணிட்ட கட்டங்களாக வரும். காயங்களுக்கான கட்டத்தைத் தவறாமல் படியுங்கள்; மூன்று முறை காயப்பட்டு மூன்று முறையும் திரும்பி வந்தவர்களை அங்கே காணலாம். வீட்டு முகவரியில் தாயின் பெயரோ மனைவியின் பெயரோ இருப்பதும் உண்டு. அதன் கீழே, தனிப்பட்ட வீரச்செயலின் சுருக்கமான, குறிப்பான விவரம் என்னும் தலைப்பில் உரை தொடங்கும். மறுபக்கத்தில் மேலதிகாரிகளின் கருத்து வரிசையாக இருக்கும். செங்கொடிக்குப் பரிந்துரைத்ததை மேலே உள்ளவர் அடித்துச் செந்நட்சத்திரமாகக் குறைத்த தாள்கள் நிறைய உள்ளன. ஆகவே பரிந்துரையையும் முடிவையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

உரையை நம்பும் அளவு குறித்து ஒரு சொல். ஒவ்வோர் ஆர்டருக்கும் சட்டவிதி இருந்தது. தேசபக்தப் போர் ஆர்டருக்கு இத்தனை டாங்கிகளை அழிக்க வேண்டும் என்றுகூட அது வரையறுத்தது. மருத்துவ உதவியாளர்களுக்கு 1941 ஆகஸ்ட் 23 ஆணை இன்னும் திட்டவட்டமானது: 15 காயமுற்றோரை அவர்களது துப்பாக்கியோடு களத்திலிருந்து தூக்கி வந்தால் பதக்கம், 25 பேருக்குச் செந்நட்சத்திரம், 40 பேருக்குச் செங்கொடி, 80 பேருக்கு லெனின் ஆர்டர். எனவே செவிலிப் பெண் ஒருவரின் தாளில் 'ஆயுதங்களோடு 27 பேரை மீட்டார்' என்ற வகை வாசகத்தைக் கண்டால், துப்பாக்கிகள் ஏன் எண்ணப்பட்டன என்று வியக்க வேண்டாம். எழுதிய அதிகாரி விதியை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார். கொன்ற எதிரிகளின் தொகையைச் சற்றுக் கூட்டி எழுதும் போக்கும் இருந்தது. ஆனால் நாள், ஊர், பிரிவு ஆகியவை பெரும்பாலும் நம்பத் தக்கவை. அவற்றைக் கொண்டு, 'பாம்யத் நரோடா' தளத்தில் உள்ள அந்தப் பிரிவின் போர்ச்செயல் நாட்குறிப்பைத் திறந்து, அதே நாளின் பதிவைப் படியுங்கள். சண்டை நடந்ததா, எத்தனை பேர் இறந்தார்கள், ஊர் கைப்பற்றப்பட்டதா என்பது தெரியும். தாளும் நாட்குறிப்பும் ஒன்றையொன்று தாங்கும்போது கிடைக்கும் உறுதி வேறெதிலும் கிடைப்பதில்லை.

பிரிவுகளின் பெயரில் கவனம் தேவை. சிறப்பாகப் போரிட்ட பிரிவுகளுக்குக் காவற்படை என்னும் பட்டமும் புதிய எண்ணும் தரப்பட்டன. ஸ்டாலின்கிராட்டைக் காத்த 62ஆம் சேனை 1943இல் 8ஆம் காவற்படைச் சேனையாயிற்று. மாஸ்கோவுக்கு முன்னே நின்ற 316ஆம் துப்பாக்கி டிவிஷன் 8ஆம் காவற்படை டிவிஷனாயிற்று. பழைய எண் பிறகு வேறொரு புதிய படைக்குப் போவதும் உண்டு. தாளில் உள்ள தேதியில் அந்த எண்ணைத் தாங்கியிருந்தது எந்தப் படை என்று பார்த்த பிறகே வரைபடத்தில் இடத்தைக் குறியுங்கள்.

சட்டமும் பொறுப்பும்

ரஷ்யாவில் சோவியத் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றவியல் சட்டத்தின் 324ஆம் பிரிவின்படி குற்றம். அங்கே சுற்றுலா சென்ற இடத்தில் சந்தையில் ஒன்றைப் பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று எண்ண வேண்டாம். சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்தபோது வறுமையில் வாடிய குடும்பங்கள் விற்றவை பெருமளவில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன; அங்குள்ள நம்பகமான விற்பனையாளர்களிடமும் ஏலங்களிலும் வாங்குவதே நேர்வழி. வாங்கிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அஞ்சலில் வரவழைத்தால் உண்மையான விலையையே சுங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

அந்த விற்பனைகளின் பின்னணியை நாம் மறக்கக் கூடாது. ஒருவரின் விருதுகளும் காகிதங்களும் ஒன்றாகக் கிடைத்தால் அவற்றைப் பிரித்து விற்காதீர்கள். பிரித்து விற்றால் அதிகப் பணம் வரும் என்பது உண்மை, ஆனால் பிரிந்தவை மீண்டும் சேர்வதில்லை. தேடலின் வழியே குடும்பத்தாரைக் கண்டறிந்தால், அவர்களுடைய பெயரையும் முகவரியையும் பொதுவெளியில் இடாதீர்கள். தொடர்பு கொள்வதானால், ஆவணங்களின் படிகளை முதலில் எந்த நிபந்தனையும் இல்லாமல் அனுப்புங்கள். பல வீடுகளில் அந்த விருதுத் தாளை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி கறுத்தால் கறுக்கட்டும். மெருகுப் பொடி போட்டுத் தேய்த்தால் எண்ணின் உளித் தடமும் தேய்ந்துபோகும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் வெள்ளியை வைக்கக் கூடாது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை இட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். காகிதங்களை மடிக்காமல், அமிலமற்ற தாளுக்கு நடுவே, பதக்கத்திலிருந்து தனியே வையுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோப்பு திறவுங்கள். வாங்கிய நாள், யாரிடமிருந்து, என்ன விலை, எடை, விட்டம், எண், இரு புறப் படங்கள், பதிவு அட்டையின் படி, விருதுத் தாளின் படியும் அதன் தமிழாக்கமும், காப்பகத்தின் தொகுப்பு எண் முதல் தாள் எண் வரை அனைத்தும் அதில் இருக்கட்டும். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு நிற மையில் எழுதுங்கள். பொருள் என்றேனும் உங்கள் கையை விட்டுப் போகுமானால், அந்தக் கோப்பின் முழுப் படியையும் விலை கேட்காமல் அதனுடன் கொடுத்தனுப்புங்கள்.